முழங்கால் வரை

ஞானஜோதிக்கு நாற்பது வயதை நெருங்கும்வரை தண்ணீர் என்றால் பயம். அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய தெருவில் குடியிருந்தார். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எதிர்வீட்டு மாடியிலிருந்து கயிறு போட்டுத்தான் அவரையும் வேன் ஓட்டும் கணவர் துரையையும் மேலே ஏற்றினார்கள். அடுத்த ஆண்டே ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வீடு மாறினார்கள். வீடு மாறியும் மழைக்காலத்தில் தூக்கம் வரவில்லை. ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் 'பெண்களுக்குத் தனி நேரம்' என்று ஒரு நீச்சல் குளத்தின் பலகையைப் பார்த்தார். அந்த வாரமே சேர்ந்துவிட்டார்.

வேலை, ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது. விடியற்காலையில் குளம், எட்டு மணிக்கு லேப். முழுக்கை, கணுக்கால் வரை கால்சட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை மாதிரி மடிப்பு என்று இருந்த நைலான் உடையில்தான் நீச்சல் பழகினார். முதல் ஆண்டு மிதந்தார். இரண்டாம் ஆண்டு மார்பு நீச்சல் கைவந்தது. தவளையைப் போலக் காலை மடக்கி உதைத்து, இரண்டு கையையும் ஒன்றாக விரித்து இழுக்கும் அந்த நீச்சல் அவருடைய உடம்புக்குப் பொருந்தியது.

குளத்துக்கு வரும் அனுப்பிரியா மேடவாக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அணிக்காக நீந்தியவர். அவர்தான் ஒருநாள், "அக்கா, மாஸ்டர்ஸ் மீட்டுக்குப் பேர் குடுங்க. உங்க வயசுக்காரங்களோடதான் போட்டி" என்றார். ஞானஜோதி இரண்டு மாதம் மறுத்தார். பிறகு நூறு மீட்டர் மார்பு நீச்சலுக்குப் பெயர் கொடுத்தார்.

போட்டியன்று, நீந்தப்போகிறவர்களை வரிசையாக உட்காரவைத்துப் பெயர் சரிபார்க்கும் இடத்தில் ஸ்ரீரங்கன் என்ற நடுவர் அவரை நிறுத்தினார்.

"மேடம், இந்த டிரெஸ்ல இறங்க முடியாது."

"ஏன் சார், முழுசா மூடித்தானே இருக்கு?"

"அதான் மேடம் பிரச்சனை."

ஸ்ரீரங்கன் பொறுமையான மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். "பல வருஷம் முன்னாடி ரப்பர் மாதிரி பூச்சு வெச்சு, கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் சூட் வந்துச்சு. போட்டவங்க தண்ணி மேல மிதந்தாங்க. உலக ரெக்கார்டெல்லாம் வரிசையா உடைஞ்சுது. ஆள் நீந்துறாரா, சூட் நீந்துதான்னே தெரியல. அப்புறம்தான் தடை போட்டாங்க. வெறும் துணிதான் இருக்கணும், ரப்பர் பூச்சு கூடாது. லேடீஸுக்குத் தோள்லேர்ந்து முழங்கால் வரைக்கும்தான்."

"என் துணி எங்க சார் வேகமா போவுது? மேல ஏறி வந்தா ஒரு குடம் தண்ணி வடியும்."

ஸ்ரீரங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியும் மேடம். ஆனா ரூல்ல அப்படிப் பிரிச்சு எழுதல. மதக் காரணம், மருத்துவக் காரணம் ஏதாவது இருந்தா முன்னாடியே எழுதிக் கேக்கலாம். இருக்கா?"

ஞானஜோதி யோசித்தார். "ரெண்டும் இல்ல சார். பழக்கம்தான்."

அன்று அவர் நீந்தவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்தார். அவமானமாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அனுப்பிரியாவிடம், "முழங்கால் வரைக்கும் போடலாம்னாரே, அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். கடையில் அவர் பார்த்த நீச்சல் உடைகளெல்லாம் தொடைக்கு மேலேயே நின்றுவிட்டவை.

"ரேஸ் சூட் அப்படித்தான் இருக்கும். என்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு, தரேன். புதுசா இருந்தப்ப தண்ணி ஒட்டாம உருண்டு ஓடும். இப்ப அது போயிடுச்சு. ஆனா இறுக்கம் மட்டும் அப்படியே இருக்கு."

சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சமும் ஞானஜோதி தனக்கு வைத்திருந்த குறைந்தபட்சமும் முழங்காலில் வந்து நின்றன. சரி என்றார்.

அடுத்த ஆண்டு போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த பிறகு, அனுப்பிரியா தந்த சூட்டைப் போட்டுப் பார்த்தார். பையிலிருந்து எடுத்ததைத் துரை தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா ஜோதி, கொயந்த துணியக் குடுத்துட்டாங்களா?"

"இழுத்தா வரும்னு சொன்னாங்க."

வரவில்லை. நகம் பட்டால் கிழியும் என்று அனுப்பிரியா எச்சரித்திருந்தார். வியர்வை இருந்தால் நகரவே நகராது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, பாதத்தில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, அதன்மேல் உடையை வழுக்கி ஏற்றினார். முழங்காலைத் தாண்ட ஐந்து நிமிடம் ஆனது. தொடையில் நின்றுவிட்டது. கடைசியில் லேபில் ரத்தம் எடுக்கும்போது போடும் நீலக் கையுறைகளைத் துரைக்குக் கொடுத்தார். அந்த ரப்பர் பிடிப்பில்தான் துணி மேலே நகர்ந்தது. துரை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று அங்குல அங்குலமாக ஏற்றினார்கள்.

"மூச்சு வுட முடியுதா?"

"பாதி வருது."

"இத்தப் போட்டுகினு நீந்தணுமா? நிக்கறதே பேஜாரா கீது."

ஞானஜோதி கண்ணாடியில் பார்த்தார். கையும் முழங்காலுக்குக் கீழே காலும் வெளியே தெரிந்தன. திருமணமான பிறகு, வெளியே போகும் ஓர் உடையில் தன் காலை அவர் பார்த்ததில்லை. துரை ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். துரை கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

மறுநாள் பெண்கள் நேரத்தில், குளத்தின் விளிம்புவரை துண்டைக் கட்டிக்கொண்டு போய் அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறங்கினார். ஒரே உதையில் வித்தியாசம் தெரிந்தது. எப்போதும் கீழே இழுக்கும் இடுப்பு மேலே நின்றது. காலை மடக்கும்போது பின்னால் யாரும் துணியைப் பிடித்து இழுக்கவில்லை. பத்துப் பதினைந்து மீட்டர் போவதற்குள் அனுப்பிரியா போதும் என்று கரையேற்றிவிட்டார். அடிக்கடி போட்டால் இருக்கும் இறுக்கமும் தளர்ந்துவிடும், போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

போட்டியில் ஸ்ரீரங்கன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்து உள்ளே அனுப்பினார். ஏழு பேர். விசில் ஊதியதும் ஞானஜோதி குதித்தார். ஐம்பது மீட்டர் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். சுவர் எப்போது வரும் என்று அவர் கண்ணால் பார்ப்பதில்லை, கையின் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கு. ஆறு ஆண்டுகளாகப் பழைய உடையில் எண்ணிப் பழகிய கணக்கு அது. அன்று ஒவ்வொரு உதைக்கும் கூடுதலாக வழுக்கிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு கை இருக்கிறது என்று நினைத்து விரித்தபோது சுவர் முகத்துக்கு நேரே இருந்தது. பதறிப்போய் வலது கையை நீட்டித் தொட்டுத் திரும்பினார்.

மார்பு நீச்சலில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். திரும்பும் இடத்தில் நின்ற நடுவர் கையைத் தூக்கினார். ஞானஜோதிக்கு அது தெரியாது. மூன்றாவதாக வந்து முடித்தார். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் நீந்தியதே இல்லை. தண்ணீரில் நின்றபடியே மேலே பார்த்துத் துரைக்குக் கை காட்டினார்.

முடிவுப் பலகையில் அவர் பெயருக்கு எதிரே நேரம் வரவில்லை. நடுவர் வந்து காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார். துரை கீழே இறங்கி வந்தார்.

"மூணாவதா வந்தியே, இன்னாத்துக்கு நம்பர் போடல?"

"ஒரு கையாலதான் தொட்டேன்."

"தொட்டது தொட்டதுதானே?"

"இல்லங்க. அது ரூல்."

மூன்றாவது பதக்கம் பச்சையம்மாவுக்குப் போனது. சேலையூரில் டியூஷன் எடுப்பவர். தொடைவரை உள்ள சாதாரண நீச்சல் உடையில் நீந்தியிருந்தார். உடை மாற்றும் அறையில் ஞானஜோதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்டிப்பா நீங்கதான் எனக்கு முன்னாடி வந்தீங்க. எனக்குச் சங்கடமா இருக்கு."

"ஒரு கைதான் பட்டுச்சுங்க. மெடல் உங்களுதுதான்."

பச்சையம்மா கொஞ்ச நேரம் உடையையே பார்த்தார். "இது நிஜமாவே வேகம் குடுக்குதா?"

"குடுக்குது. அதுல நான் எவ்வளவு, இது எவ்வளவுன்னுதான் தெரியல."

"எனக்கும் அதான் தோணுச்சு" என்றார் பச்சையம்மா. அதில் குத்தல் இல்லை. பிறகு இருவரும் சேர்ந்து அந்த உடையைக் கழற்றினார்கள். போடுவதைவிடக் கழற்றுவது கஷ்டமாக இருந்தது.

அன்று இரவு அழுதாரா என்று கேட்டால், கொஞ்சம் அழுததாகவே சொல்வார். இரண்டு ஆண்டு போட்டிக்குப் போயும் பலகையில் ஓர் எண் கூட வரவில்லை. ஆனால் அதற்கு உடையைக் குற்றம் சொல்லவில்லை. தினமும் போட்டுப் பழக முடியாத ஒன்றைப் போட்டியன்று மட்டும் போட்டால் தன் கணக்கு தப்பும், அவ்வளவுதான் விஷயம் என்று முடிவுக்கு வந்தார். அனுப்பிரியாவின் சூட்டை அலசி, நிழலில் உலர்த்தித் திருப்பிக் கொடுத்தார். ஆன்லைனில் தேடியபோது, பயிற்சிக்கென்றே முழங்கால் வரை தைத்த சாதாரண உடையும் இருப்பது தெரிந்தது. தண்ணீரை விலக்காது, இடுப்பைத் தூக்காது. உதவி இல்லாமலே போட்டுக்கொள்ளலாம்.

அதைத் தினமும் போட்டார். சில வாரங்களில் கை எண்ணிக்கை புதிதாகப் படிந்தது. துண்டு கட்டிக்கொண்டு குளம்வரை நடப்பதும் எப்போதோ நின்றுபோனது. முன்கை கறுத்துவிட்டதைப் பற்றி லேபில் எல்லோரும் கேட்டார்கள். "வெயில்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்.

இந்த ஆண்டுப் போட்டியில் பச்சையம்மா மீண்டும் மூன்றாவதாக வந்தார். அனுப்பிரியா புதுச் சூட்டில் தன் வயதுப் பிரிவில் முதலாவதாக வந்தார், அதை இழுத்துப் போட்டதில் கட்டைவிரல் தோல் உரிந்திருந்தது. ஞானஜோதி ஐந்தாவது. போன ஆண்டு நீந்தியதைவிட மெதுவாகத்தான் நீந்தினார் என்று அவருக்கே தெரியும். சுவரை இரண்டு கையாலும் தொட்டார். பலகையில் அவர் பெயருக்கு எதிரே நேரம் விழுந்தது.

துரை செல்போனைத் தூக்கிப் பலகையைப் படம் எடுத்தார். வெயில் எதிரொளித்ததில் படத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. அதையே வேன் டிரைவர்கள் குரூப்பில் போட்டு, "என் சம்சாரம் டைம்" என்று எழுதினார். பன்னிரண்டு பேர் கைதட்டல் படம் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், "எங்க ணா, ஒண்ணும் தெரியல?" என்று கேட்டார். துரை அவருக்குப் போன் போட்டு நிமிடத்தையும் நொடியையும் வாயாலேயே சொன்னார்.