எதிர்ப்பு இரண்டு பேர்

என் அத்தை பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றபோது எங்கள் வீட்டில் வருத்தப்படாத ஒரே ஆள் அம்மாதான். "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னா யாரு என்ன பண்றது" என்றாள். என் காதுகுத்துக்கு அத்தை வெறுங்கையோடு வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இதற்கு நான் பொறுப்பல்ல. காது மட்டும்தான் என்னுடையது.

கடலூருக்குத் தெற்கே, கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஏரிக்கரைப் புறம்போக்கில் ஒரு கம்பெனி தன் கழிவுநீருக்குக் குட்டை வெட்டப் பார்த்தது. எங்கள் அடிபம்பில் ஏற்கெனவே மஞ்சளாகத்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குட்டையைத் தடுக்கத்தான் அத்தை தேர்தலில் நின்றாள். ஊரில் பாதிப் பேர் அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் தோற்றாள். ஜெயித்தவர் வெடி வெடித்து எங்கள் தெருவுக்கும் நன்றி சொல்ல வந்தார். எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். ரொம்ப நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

விஷயம் அதோடு முடிந்தது என்று ஊர் இருந்தது. அத்தை மட்டும் மறுபடி வீடு வீடாகப் போனாள். குடியரசு தினத்தன்று கிராமசபை கூடும், குட்டைக்குச் சம்மதம் என்று தீர்மானம் போடுவார்கள், வந்து கையைத் தூக்கி மறுத்தால் போதும் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்றபடியே அப்பாவிடம் சொன்னாள். அப்பா அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். "பாக்கலாம்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். உள்ளே அம்மா பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்தாள்.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு பள்ளிக்கூட மைதானத்திலேயே சபை கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். ஜெயித்த தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பாவின் காண்ட்ராக்டர். அவருக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

ஊராட்சி கிளார்க் தீர்மானத்தைக் கடகடவென்று படித்துவிட்டு, "எல்லாருக்கும் சம்மதந்தான" என்றார்.

அத்தை கையைத் தூக்கியபடி எழுந்தாள். "எனக்குச் சம்மதமில்ல. வேற யாருக்கெல்லாம் இல்லியோ கையத் தூக்குங்க."

"அதான் தோத்துட்டியேக்கா, இன்னும் என்ன" என்று தலைவர் சிரித்தார்.

"தோத்தவ தண்ணி குடிக்கக் கூடாதா?"

ஒரு கைகூட எழவில்லை. வீட்டில் தலையாட்டியவர்கள் ஜமுக்காளத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தத் தலையாட்டிகள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அவர்கள் வீட்டு அடுப்பும் கம்பெனிக் கூலியில்தான் எரிந்தது என்பதும் தெரியும். அன்றைக்கு எனக்கு வெட்கம் மட்டும்தான். வகுப்பில் தப்பான பதிலுக்குக் கை தூக்கியவளைப் போல அத்தை தனியாக நின்றாள்.

என் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. அம்மாவின் கை மேலே போயிருந்தது. எதிர்ப் பக்கமிருந்து அப்பா கண்ணாலேயே இறக்கு, இறக்கு என்றார். அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. சித்திரைக்குள் குட்டையும் வெட்டியாயிற்று. ஆனால் அன்று கிளார்க் 'ஏகமனதாக' என்று எழுதப் போனபோது அத்தை மேசையை மறித்து நின்றாள். "எதிர்ப்பு ரெண்டு பேருன்னு எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் போவ மாட்டேன்." அவர் எழுதும்வரை அம்மாவும் போய்ப் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வீடு திரும்பும்போதும் தெருவின் ஆளுக்கொரு ஓரமாகத்தான் நடந்தார்கள்.

மறுநாள் வேலைக்குப் போன அப்பா, போன வேகத்தில் திரும்பி வந்தார். அம்மாவைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் கை கால் கழுவிக்கொண்டு, மதியத்துக்குக் கொண்டுபோன சோற்றைத் திறந்து நடுவில் வைத்தார். அம்மா பிசைந்து எங்கள் இருவர் கையிலும் உருட்டி உருட்டி வைத்தாள். தனக்கென்று ஒரு வாய் எடுக்கவில்லை.

"லீவாப்பா?" என்றேன்.

"ஆமாம்மா."

"நாளைக்கு?"

"நாளைக்கும்தான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிராமசபையை மாதாமாதம் வைத்தால் என்ன என்று கேட்டேன்.