காதுகுத்துப் பிரியாணி

கடலூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நான் செய்யும் பிரியாணியைத் தின்றவர்கள் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். அதை நம்பி, இனி விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதலில் நம்பியது சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா. அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள்.

"பெரிய கூட்டத்துக்கு செஞ்சிருக்கியாடா?" என்று போனில் கேட்டாள். செய்திருக்கிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

மண்டபத்துக்குப் பின்னால் விறகு அடுப்பு மூட்டினேன். வீட்டுக் கணக்கையே பெருக்கி அண்டாவில் தண்ணீர் ஊற்றினேன். பெரிய பாத்திரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பதுகூட எனக்குத் தெரியாது. அரிசி போட்ட நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். நான்தானே தாய்மாமன், குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும். அடுப்பைத் தணிக்காமல் புதுச்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். துணைக்கு வந்த இருவரும் காதுகுத்தைப் பார்க்க என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோதே கருகல் வாசனை மண்டபத்துக்குள் வந்துவிட்டது.

மூடியைத் திறந்தால் மேலே கஞ்சி மாதிரி குழைந்து கிடந்தது, அடியில் தீய்ந்திருந்தது. அப்படியே மேலாக எடுத்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். பதற்றத்தில் கரண்டியை அடிவரை விட்டுக் கிண்டிவிட்டேன். கருகல் மொத்தத்திலும் ஏறிவிட்டது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் மாமியார் இலையை மூடினார்.

நான் பின்பக்கக் கதவு வழியாக வெளியேறி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். விசேஷத்துக்குக் கூட வந்திருந்த மனைவியைக்கூட அழைத்துக்கொள்ளவில்லை. போனை அணைத்துவிட்டேன். சட்டையெல்லாம் சந்தனமும் புகையுமாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஏதாவது விசேஷமா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு ஜவுளிக்கடை குடோனில் வேலைக்குப் போனேன். அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம், ஒரு வேளை சோறு குழைந்ததற்கு ஆயுசுக்கும் தண்டனையா என்று அலுத்துக்கொண்டேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சோறு கொழஞ்சத யாருமே பேசல. பாதிப் பேரு சிரிச்சிட்டு ஓட்டல்ல போயி சாப்ட்டாங்க. தாய்மாமன் எங்கன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்குத்தான் அக்காவால பதில் சொல்ல முடியல."

பாதிச் சோற்றிலேயே எழுந்து கையைக் கழுவிவிட்டேன்.

அந்த மாதமே வாடகைக்கு ஒரு அண்டா எடுத்துவந்து மாடியில் அடுப்பு வைத்தேன். முதல் தடவை மறுபடியும் குழைந்தது. அடுத்த வாரம் தண்ணீரைக் குறைத்தேன், அரிசி விறைத்துக்கொண்டது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வெட்கத்தோடு கொடுத்தனுப்பினோம். ஒருவழியாகக் கை பழகியது.

அக்கா வீட்டில் புதிதாகக் கட்டும் வீட்டுக்குத் தளம் போடப்போவதாகத் தெரிந்ததும் சிதம்பரம் போனேன். தளம் போடும் அன்று வேலையாட்களுக்குப் பிரியாணி போடுவது வழக்கம். அதை நான் செய்யட்டுமா என்று வாசலில் நின்றபடியே கேட்டேன். அன்று போனில் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அக்கா உள்ளே போய்விட்டாள். அக்கா வீட்டுக்காரர்தான் வாசலுக்கு வந்தார்.

"செய்யி மச்சான்," என்றார். "ஆனா கடைசி ஆளு கை கழுவுற வரைக்கும் நீ இங்கயே நிக்கணும்."

அன்று அடுப்பை விட்டு நகரவில்லை. அக்காவின் மாமியார் எதற்கும் இருக்கட்டும் என்று ஓட்டலிலும் சாப்பாடு சொல்லி வைத்திருந்தார் என்று அங்கே தெரிந்தது. காதெல்லாம் சுட்டது, ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சிமெண்டுக் கறையோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு நானே பரிமாறினேன். அரிசி உதிரியாக இருந்தது. ஒரு கொத்தனார் மட்டும் உப்பு கம்மி என்றார். அந்த நிமிடம் கால்கள் தெருப்பக்கம் திரும்பப் பார்த்தன. உள்ளே போய் உப்பை எடுத்துவந்து அவர் இலையில் வைத்தேன். மறுசோறு வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் எழுந்த பிறகு அக்கா வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் இலையையே பார்த்துப் போட்டேன். பாதி சாப்பிட்டவள், "நீயும் உக்காந்து சாப்புடுடா" என்றாள்.

இப்போது சின்னச் சின்ன விசேஷங்களுக்குச் செய்கிறேன். செய்து பழகாத அளவு கூட்டம் என்றால், பழக்கமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்துக்குப் போனால் அந்த மண்டபம் இருக்கும் தெருவில் நுழைய இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.