மாற்றாமல் விட்ட கியர் பெட்டி

எங்கள் வேனுக்குப் புது எஞ்சின் வந்த கிழமை முழுவதும் நான் பள்ளிக்கூடத்தில் தாங்க முடியாத ஆளாக இருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பழைய நாலு சிலிண்டர் எஞ்சின் புகைந்து புகைந்து ஓய்ந்துபோக, பழைய கார்களைக் கழற்றி விற்கும் யார்ட்டில் வேலை செய்த அப்பா, அதே கம்பெனியின் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த டண்டினோங்கில் எங்கள் வீட்டுக் கராஜிலேயே பூட்டிவிட்டார். மற்றப் பிள்ளைகளின் அப்பாமாருக்கு டயர் மாற்றவே ஆள் கூப்பிட வேண்டும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

எஞ்சினை மாற்றிய அப்பா கியர் பெட்டியை மாற்றவில்லை. பலமான பெட்டி நீளம் கூடியது, அதற்கு வேனின் அடித்தகட்டை வெட்ட வேண்டும். நாலு சிலிண்டருக்கென்று செய்த பழைய பெட்டியோ புது எஞ்சினோடு துளைக்குத் துளை வந்து பொருந்தியது. பார்க்க வந்த பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஊரில் லொறி திருத்தியவர். இங்கே திருத்த லொறி கிடைக்காததால் எங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"பொருந்திறது வேறை, தாங்கிறது வேறை," என்றார். "இந்த எஞ்சின்ர இழுவைக்கு, ஏத்தத்திலை மூண்டாம் கியர்ப் பல்லு உதிரும்."

"தாங்கும் அண்ணை," என்றார் அப்பா. 

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் எங்கள் உபயம். அன்னதானச் சாம்பார் எங்கள் பொறுப்பு. சாம்பார் காய்ச்சிய பெரிய கிடாரம் வேனைத் தவிர வேறெதிலும் ஏறாது. வேன் வழியில் நின்றுவிட்டால் கோயிலுக்கு வந்த சனம் வெறுஞ்சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரியப்பா அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். எனக்கு இரண்டாவதுதான் கூடப் பயமாக இருந்தது.

புறப்படும் நேரம் அப்பா சாவியை அம்மாவிடம் நீட்டினார். "வேனை நீர் ஓடும். நான் கிடாரத்தைப் பிடிக்கிறன்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. தானே பூட்டிய எஞ்சினைத் தான் ஓட்டாமல் சாம்பாருக்குக் காவல் இருக்கும் அப்பாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்வது? அம்மா அப்போது ஒரு பேக்கரிக்காகக் கடை கடையாகப் பாண் கொண்டுபோகும் வேன் ஓட்டினார். ஒரு பாணும் நசுங்காமல் போய்ச் சேரும் என்று பேக்கரிக்காரர் மெச்சுவாராம். பாண் நசுங்காததில் என்ன பெரிய பெருமை என்று நினைத்திருந்தேன்.

பெரியப்பா முன் சீற்றில் ஏறி, பழுதான வண்டிகளை இழுத்துப்போகிறவரின் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டார். மலையடிவாரம் நெருங்க ஏற்றம் தொடங்கியது. பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார். அம்மா அசையவில்லை. எஞ்சின் திணறுவதற்கு முன்பே கியரைக் குறைத்தார். அது சரியாக விழும்வரை பொறுத்து, அதன் பிறகே அக்சிலரேட்டரில் காலை மெல்ல மெல்லக் கொடுத்தார். பின்னால் அப்பா கிடாரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்.

"கொஞ்சம் அமத்துமன் பிள்ளை," என்று பெரியப்பா தூண்டிப் பார்த்தார்.

"சாம்பார் சிந்திப்போடும் அத்தான்," என்றார் அம்மா.

கோயில் வாசலில் இறங்கியபோது கிடாரத்து மூடிகூட நனையவில்லை. பெரியப்பா குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தார். எண்ணெய் ஒழுகவில்லை, ஒன்றும் உதிரவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"பாத்தியளே அண்ணை, தாங்கிச்சுது," என்றார் அப்பா. அந்தக் குரலில் அவ்வளவு பெருமை. அதைச் சொல்லும்போது அவர் வேனின் பக்கம் திரும்பவேயில்லை. பைப்படியில் கால் கழுவிக்கொண்டு நின்ற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசைக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்துகிறார் போலும் என நினைத்தேன். நான் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்ற பிள்ளைகளிடம் ஓடிப்போய், எங்கள் அப்பாவின் கியர் பெட்டி மலையையே ஏறிவிடும் என்று அளந்துகொண்டிருந்தேன்.

அந்த வேன் பல வருடம் ஓடியது. அம்மாதான் ஓட்டினார். பதினாறு வயதில் ஓட்டப் பழகுவதற்கான எல் பிளேட் எடுத்த கையோடு நான் அதன் சாவியைக் கேட்டேன். அப்பா தரவில்லை.

"அது உனக்குச் சரிவராது. நானே ஓடுறேல்லை. என்ர கால் பட்டால் அந்தப் பெட்டி ஒரு கிழமை நிக்காது," என்றார். "பெரியப்பா சொன்னது சரிதான்."

"பிறகேன் தாங்கும் எண்டு சொன்னனீங்கள்?"

அப்பா கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

"ஓடப்போறது கொம்மா எல்லோ."

கோயில் வாசலில் அவர் யாரைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.