செவ்வந்தியில் வந்த வண்டு

பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயிலுக்குப் பூக்கட்டியவர் மெலிந்த மனிதர். பூவை ஊதி, பூச்சி பறந்த பிறகே பறிப்பார். செவ்வந்தி பறித்த ஒரு பிள்ளையின் கை கொப்புளித்ததும், பூவிலிருக்கும் வண்டுதான் காரணமென்று பாத்தியையே பிடுங்கிவிடச் சொன்னார் கங்காணி. சிவப்பும் கறுப்புமாகக் கட்டம்போட்ட வண்டொன்றைப் பூவோடு எடுத்துக்கொண்டு பூக்கட்டுபவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"இதுதானாங்க நர்சம்மா?"

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கொப்புள வண்டு இதழைத் தின்னும். இந்தப் பூவில் கடித்த தடம் இல்லை. சீண்டினால் அது மஞ்சள் நீர் விடும், இது விடவில்லை. உடல் நிறைய மயிர், மயிரில் மகரந்தம். வேறு இனம்தான். உறுதிசெய்ய என் மணிக்கட்டில் விட்டேன். உடனே அவர் அதைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்க கை பொத்துப்போனா எங்களுக்கு யாருங்க மருந்து கட்டுறது?"

மறுநாள் கொப்புளமில்லாத அந்தக் கையைக் கங்காணியிடம் நீட்டினார். பாத்தி தப்பியது.

பூச்சிக்குப் பயந்துதான் ஊதுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.