எதையும் எடுக்காத திருடர்கள்

டேட்டாபேஸ் சர்வரைக் காவல் காக்கிற வேலையும் வாட்ச்மேன் வேலையும் ஒன்றுதான். என்ன, வாட்ச்மேனுக்குத் திருடன் எந்தப் பக்கமிருந்து வருவான் என்றாவது தெரியும், எனக்கு அதுவும் தெரியாது. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகபாவிகளே, நீங்களாவது சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிகிறதா?

நான் கட்டிக்கொண்டு அழுகிற சர்வர், போடிநாயக்கனூரில் ஜமால் பாயின் ஏலக்காய் கம்பெனியில் இருக்கிறது. புதன்கிழமைதோறும் ஆன்லைனில் ஏலம். மலைத்தோட்டக்காரர்கள் காயைக் கொண்டுவந்து எங்கள் கிட்டங்கியில் இறக்கிவிட்டு மேலே போய்விடுவார்கள். வியாபாரிகள் விலை கேட்பார்கள். கடைசி விலை வந்ததும், காய்க்காரர் தன் போனில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை ஐந்து நிமிஷத்துக்குள் அமுக்க வேண்டும். அமுக்கவில்லையா, காய் விற்காமல் நின்றுவிடும். அவ்வளவுதான் சோலி. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது.

பாய்க்கு விளக்கியது

ஒரு புதன், ஏலம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து சர்வர் படுத்துக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் சக்கரம் சுற்றுகிறதே தவிர சம்மதம் வந்து சேரவில்லை. அடுத்த புதனும் அதே கூத்து. மலையிலிருந்து போன் மேல் போன். “இன்னொருக்கா இப்படி ஆச்சு, காயை மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குக் கொண்டுபோயிருவோம் பாய்” என்று சொல்லிவிட்டார்கள். பாய்க்கு முகமே செத்துப்போனது. மலைக்காய் வரவில்லை என்றால் கம்பெனி இல்லை. கம்பெனி இல்லை என்றால் நானும் இல்லை.

“என்னதான்மா ஆச்சு மலரு?” என்றார். யாரோ வேண்டுமென்றே கேள்வி மேல் கேள்வியாக அனுப்பி சர்வரைத் திணறடிக்கிறார்கள், அது தடுமாறிக்கொண்டிருக்கும்போது நியாயமான ஆட்களுக்கு இடம் கிடைக்காமல் போகிறது என்று விளக்கினேன். “என்ன எடுத்துட்டுப் போனான்?” ஒன்றும் எடுக்கவில்லை, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான் என்றேன். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“எதையும் எடுக்காம சும்மா வந்து வாசல்ல நிக்கிறவன் திருடனாம்மா, இல்ல சொந்தக்காரனா?”

அடைத்த ஓட்டை

அந்த வாரமே டேட்டாபேஸ் மென்பொருள்காரர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. உள்ளே ஒரு ஓட்டை இருக்கிறதாம். வெளியிலிருந்து ஒருத்தன் கோணல்மாணலாக ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதுமாம், சர்வர் மூர்ச்சையாகி விழுந்துவிடுமாம். ஆஹா, மாட்டினான்டா என்று குதித்தேன். ஆனால் ஓட்டையை அடைக்க சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். ஓடுகிறதை எதற்கு நிறுத்த வேண்டும் என்று பாய். நிறுத்தினால்தான் ஓடும் என்று நான். அவருக்கும் புரியவில்லை, சொல்லச் சொல்ல எனக்கே குழப்பமாகிவிட்டது. கடைசியில் வியாழக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிடப் போன நேரத்துக்கு அனுமதி வாங்கி அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை பாய் தொழுதுவிட்டு வந்து, பழைய விலை பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். சர்வர் மறுபடியும் படுத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையோடு கேட்டார்:

“ஓட்டையை அடைச்சிட்டேன்னியேம்மா, அவன் உள்ள இருக்கையிலயா அடைச்ச?”

சிலமலையில் ஒரு சந்தேகம்

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் ஊர் சிலமலைக்குப் போனேன், அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, உனக்கு ஆபீசில் அப்படி என்னதான் வேலை என்று கேட்டார். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, ஒன்றும் நடக்காவிட்டால் நான் நன்றாக வேலை பார்த்தேன் என்று அர்த்தம் என்றேன். மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அதைத்தான ஆத்தா உங்க சித்தப்பனும் இத்தனை வருசமாச் செய்றான், அவனை ஏன் எல்லாரும் திட்டுறீக?”

குரங்கணி விரல்

சனிக்கிழமை உட்கார்ந்து, சர்வர் விழுந்த நேரத்தில் யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஒருத்தர் விலை தேடுகிற பெட்டியில் தேதி எதுவும் போடாமல் தேடியிருந்தார். தேதி இல்லை என்றால் சர்வர் என்ன செய்யும் பாவம்? கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து விற்ற காய் அத்தனையையும் வாரிக்கொண்டு வரப் பார்த்திருக்கிறது. அதையும் ஒரு தடவை கேட்டிருந்தால் பரவாயில்லை. அடுக்கடுக்காக, மூச்சுவிடாமல் கேட்டிருந்தார். இவன்தான் எதிரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நம்பரைத் தேடினால், குரங்கணித் தோட்டக்காரர் தங்கராசு அண்ணன்! பொங்கலுக்குப் பொங்கல் எனக்குக் காப்பிக்கொட்டை கொண்டுவந்து தருகிற மனுஷன்.

போன் போட்டேன். “ஆமா தாயி, விலை வரலை. அதான் அமுக்குனேன்.” எத்தனை தடவை அண்ணே அமுக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் குரலில் துளி குற்ற உணர்ச்சி இல்லை. எதிரியைத் திட்டலாம், தங்கராசு அண்ணனை எப்படித் திட்டுவது? தேதி இல்லாவிட்டால் ஒரு மாத விலை மட்டும் வருகிற மாதிரியும், ரொம்ப நேரம் இழுக்கிற கேள்வியை சர்வரே பாதியில் வெட்டிவிடுகிற மாதிரியும் மாற்றி வைத்தேன். ஆனாலும் அவர் சொன்ன பதில் காதைவிட்டுப் போகவில்லை.

“வர்ற வரைக்கும்தான் தாயி அமுக்குனேன், வந்திருந்தா நிப்பாட்டியிருப்பேன்ல?”

பச்சை விளக்கு எரிந்த புதன்

ஒரு விரல் இவ்வளவு செய்யுமா? சர்வர் விழுந்த அந்த இரண்டு புதன்கிழமைகளையும் தோண்டினேன். இரண்டு நாளும், விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரே இணைய முகவரியிலிருந்து கேள்விகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒரே முகவரி! ஒரு மனுஷன் அப்படிக் கேட்கவே முடியாது. இது நிஜமான தாக்குதல்தான் என்று முடிவு கட்டி, செவ்வாய்க்கிழமை அந்த முகவரிக்குக் கதவைச் சாத்தினேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

புதன் வந்தது. ஏலம் ஆரம்பித்தது. திரையில் எல்லாம் பச்சை. சர்வர் ஆடவில்லை, அசையவில்லை. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, ஏலப் பட்டியலைப் பார்த்தார். முதல் காய்க்கு நல்ல விலை வந்தது. சம்மதம் வரவில்லை, நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. வியாபாரிகள் இருக்கிறார்கள், காய்க்காரர்களைக் காணோம். பாய் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “சொன்ன மாதிரியே மலைக்காரங்க நம்மளை விட்டுட்டாங்கம்மா” என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. சர்வர்பாட்டுக்கு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து நொறுக்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. போடிமெட்டில் டீக்கடை வைத்திருக்கிற மேத்யூ சேட்டன். “எந்தா மோளே, உங்க ஏலம் இன்னைக்கு இல்லையா? தோட்டக்காரங்க எல்லாம் இங்க என் கடையிலதான் இருக்காங்க. ஒருத்தர் போன்லயும் தெறக்க மாட்டேங்குது.” உங்கள் கடையிலா, ஏன் என்று கேட்டேன். “தோட்டத்துல சிக்னல் எங்க கிடைக்குது? புதன்கிழமை எல்லாரும் நம்ம வைஃபையிலதான்.” பக்கத்திலிருந்து தங்கராசு அண்ணன் குரல்: “நான் அமுக்கவே இல்லைன்னு சொல்லுங்க சேட்டா!”

சாத்திய முகவரி யாருடையது என்று பார்த்தேன். அந்த டீக்கடைதான். ஒட்டுமொத்த மலையும் ஒரே வாசல் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. தங்கள் காய்க்கு என்ன விலை என்று ஆளாளுக்கு அமுக்கியிருக்கிறார்கள், வருகிற வரைக்கும். சாத்தியதைத் திறந்தேன். கேள்விகள் திபுதிபுவென்று வந்தன, திரை மஞ்சளாகி சிவப்பைத் தொட்டது. இழுக்கிற கேள்விகளை சர்வர் வெட்டி வெட்டிப் போட்டது. விழவில்லை. நின்றுபோன காய்களைப் பாய் மறுபடி ஏலத்தில் விட்டார். முதல் சம்மதம் குரங்கணி தங்கராசு அண்ணனுடையது. அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

நடந்ததை எல்லாம் பாயிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். இனிமேல் வாசலையே சாத்தாமல், ஆளுக்கு இத்தனை கேள்வி என்று அளவு வைக்கிறேன் என்றேன். திட்டுவார் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“நான்தான் மொதல்லயே கேட்டேனேம்மா, திருடனா சொந்தக்காரனான்னு. நீதான் பதிலே சொல்லலை.”

இப்போதெல்லாம் சர்வரில் சிவப்பு எரிந்தால், முதலில் மேத்யூ சேட்டனுக்குப் போன் போட்டு கடையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் எதிரியைத் தேடப் போகிறேன்.