எண்பது கிராம் மிச்சம் பிடித்த கதை

துவக்கு வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"துவக்குக்குத் தப்பி ஓடிவந்த சனம் நாங்கள். நீர் காசு குடுத்து வாங்கப் போறீரோ?"

"இது ஆளைச் சுடுற துவக்கு இல்லை. மானைச் சுடுறது."

"மான் உமக்கு என்ன செய்தது?"

பதில் வராத இடத்தில்தான் நான் கூடுதலாகப் பிடிவாதம் பிடிப்பேன். கடைசியில் அவர் ஒரேயொரு நிபந்தனை போட்டார்: தமிழாட்களுக்குத் தெரியக்கூடாது. அது நியாயம்தான். துவக்கு என்ற சொல்லை எங்கள் சனத்தின் காதில் போட்டால் நாலு வீடு சுற்றி வேறு கதையாக வந்து சேரும்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில் குடியிருந்தோம். ஒரு மருத்துவமனையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைச் சுத்தமாக்கும் பிரிவில் எனக்கு வேலை. அங்கே என்னோடு வேலை செய்த நாலு நோர்வேப் பெண்கள் ஆண்டுதோறும் மலைக்குக் கலைமான் வேட்டைக்குப் போவார்கள். ஒருமுறை சமைக்க ஆள் காணாதென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள், யாருக்கும் நேரம் சொல்லாமல், யாருக்கும் தேநீர் ஊற்றாமல் நடந்தேன். அந்தச் சுகத்தை நான் விடுவதாக இல்லை. வேட்டைக்காரர் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தேன்.

நான் ஐந்தடிதான். பாரத்தோடு மலையேறினால் தோள்மூட்டு கழன்றுவிடும். அதனால் பழைய துவக்கொன்றை வாங்கி, குழலைக் கட்டையாக வெட்டுவித்து, மரப்பிடிக்குப் பதிலாக இலேசான பிளாஸ்டிக் பிடி போடுவித்தேன். மிச்சம் இருந்தது, குறிபார்க்கிற தொலைநோக்கியை, அந்த ஸ்கோப்பை, எதில் பூட்டுவது என்பதுதான். கடைக்காரர் மேசையில் மூன்று வகை வைத்தார். ஒன்று, கழற்றிக் கழற்றிப் பூட்டக்கூடியது. விலையும் பாரமும் கூடுதல், அதை நான் தொடவில்லை. இரண்டாவது, துவக்கின் முதுகில் நீளமாக ஒரு பட்டை, அதன்மேல் வளையங்கள். பட்டை முழுக்க வெட்டுகள் இருப்பதால் ஸ்கோப்பை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தலாம். மூன்றாவது, பட்டையே இல்லாமல் துவக்கிலேயே நேராகத் திருகும் இரண்டு சின்ன வளையங்கள். தராசில் போடச் சொன்னேன். பட்டையை விட்டால் எண்பது கிராம் மிச்சம்.

"உனக்குக் கழுத்தும் கையும் கட்டை. இதில் ஸ்கோப்பை முன்னால் தள்ள இடமில்லை. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் இடைவெளி வேண்டும்" என்றார் கடைக்காரர்.

நின்றபடி துவக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். நாலு விரல் இருந்தது. சின்ன வளையங்களையே பூட்டுவித்தேன். ஒரு முட்டையைவிடக் கொஞ்சம் கூடிய பாரத்தை மிச்சம் பிடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

வைகாசியில் சுடுதளத்துக்குப் போனேன். அங்கே படுத்துச் சுட வேண்டும். படுத்தால் தலை தானாக முன்னுக்குப் போகும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. நாலு விரல் இரண்டு விரலானது. இலேசான துவக்கு கூடுதலாகப் பின்னுக்கு உதைக்கும், இலேசாக்கினதே நான்தான். முதல் வெடியிலேயே ஸ்கோப்பின் விளிம்பு வலது புருவத்துக்கு மேலே பிறைபோல வெட்டியது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மறுநாள் கண்ணைச் சுற்றி நாவற்பழ நிறம்.

சனிக்கிழமை பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி. என் கணவர் அங்கே பெற்றோருக்குத் தேநீர் ஊற்றும் தொண்டர். ஏழு ஆண்டாக ஊற்றினார், ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. கண் என்னவென்று கேட்டவர்களுக்கு, வேலையிடத்தில் தட்டு இடித்தது என்றேன். அதே நேரம் அவரிடமும் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் பாவம், "மனிசி படியிலை விழுந்திட்டா" என்று சொல்லியிருக்கிறார். என்ன பொய் சொல்வதென்று இரண்டு பேரும் வீட்டில் பேசிக்கொண்டு போயிருக்க வேண்டும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம்.

அடுத்த சனிக்கிழமை அவர் கொண்டுபோன சுடுதண்ணிப் போத்தல் பாதிக்கு மேல் நிறைந்தபடி திரும்பி வந்தது. அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். "சனத்துக்குத் தேத்தண்ணி வேண்டாமாம்" என்றார். போத்தலைக் கழுவிக் கவிழ்த்தார். என் மேல் ஒருநாளும் கை நீட்டாத மனிசன். இந்த மனிசனின் பெயரைக் காப்பாற்றாமல் எனக்கு என்ன மலை, என்ன மான்?

அந்தக் கிழமைதான் ஒரு அக்கா என்னைப் பள்ளியின் பின்வாசலுக்குக் கூப்பிட்டார். கணவரைப் பிரிந்து இரண்டு மகள்மாரோடு இருப்பவர். என் கையில் ஒரு கடதாசித் துண்டைத் திணித்தார். அடிபட்ட பெண்கள் போய்த் தங்கும் இடத்தின் தொலைபேசி எண்.

"பயப்பிடாதை தங்கச்சி. தமிழிலை கதைக்கவும் ஆள் பிடிச்சுத் தருவினம்."

"அக்கா, அவர் அடிக்கேல்லை. துவக்கு இடிச்சது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. மூன்றாவது பொய்யையும் சொல்லிவிட்டாள் என்ற பரிதாபம் அதில் இருந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"புதன்கிழமை பின்னேரம் வாங்கோ. காட்டுறன்."

கடைக்காரரிடம் திரும்பிப் போய்ப் பட்டையைப் பூட்டுவித்தேன். நிலத்தில் படுத்துக் காட்டு என்றார். கடை நடுவே படுத்தேன். ஸ்கோப்பை இரண்டு வெட்டு முன்னுக்குத் தள்ளி இறுக்கினார். எண்பது கிராமும் திரும்பி வந்தது. அவர் சிரிப்பை அடக்கினார். அதற்கே அவருக்கு நன்றி.

புதன்கிழமை அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனேன். காதுக்குக் கவசம் மாட்டி எனக்குப் பின்னால் இருக்கவைத்தேன். ஐந்து வெடி வைத்தேன். ஐந்தும் நூறு மீட்டரில் இருந்த அட்டை மானின் வட்டத்துக்குள் விழுந்தன. புருவத்தில் ஒன்றும் படவில்லை. பிறகு துவக்கை வெறுமையாக்கி ஸ்கோப்பைக் காட்டினேன்.

"இந்த விளிம்பைப் பாருங்கோ. பிறகு இதைப் பாருங்கோ" என்று முகத்தைக் கொடுத்தேன்.

அக்கா விரலால் விளிம்பைத் தடவினார். அதே விரலால் என் தழும்பைத் தடவினார். மறுபடியும் விளிம்பைத் தடவினார். இரண்டும் ஒரே வளைவு.

"ஓம்" என்றார். "அவர் நல்ல மனிசன்தான். நான் எல்லாரிட்டையும் சொல்லுறன்."

எனக்கு உடம்பு இலேசானது. துவக்கைப் பெட்டிக்குள் வைத்தேன். அக்கா காதுக் கவசத்தை மடியில் வைத்தபடி எழும்பாமல் இருந்தார்.

"என்ரை மனிசன் எனக்கு அடிக்கேக்கை நான் அலுமாரிக் கதவு இடிச்சதெண்டு சொன்னனான்" என்றார். "ஒருத்தரும் வந்து அந்தக் கதவைப் பாக்கேல்லை."

அந்தக் கதவுக் கதையை அவர் யார் யாரிடம் சொன்னாரோ, அவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு அவர் வீட்டில், ஐஸ்கட்டி வையுங்கோ அக்கா என்று சொல்லிவிட்டு, அவருடைய கணவர் ஊற்றித் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.