பெட்டியின் அளவு

முனைவர் பட்ட ஆய்வுக்கு இருந்தது ஒரே ஒரு இடம். கண்ணுக்கே தெரியாத தங்கத் துணுக்கு ஒன்று உயிரணுவின் தோலில் எப்படி ஒட்டுகிறது என்று கணினிக்குள் நடத்திப் பார்க்கும் வேலை. நேர்முகத் தேர்வில் பேராசிரியர்களோடு என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். பதவியில் ஆகக் கடைசி நான்தான்.

வெளியே காத்திருந்தவர்களில் ஒருத்தி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. லண்டனில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அங்கேயே மிட்சம் என்ற பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் வேலைக்கு நின்றாள். விசா முடியப் போகிறது, இந்த இடமும் இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று, தண்ணீர் எடுக்கப் போன என்னிடம் மூச்சு விடாமல் சொன்னாள்.

"உள்ளுக்கு நீங்கள் இருக்கிறது பெரிய தெம்பு அக்கா."

எனக்கு எரிச்சலாக வந்தது. தமிழ் என்றால் உடனே சொந்தம் கொண்டாடிவிடுவார்கள். ஆனாலும் அவளுக்கே கிடைக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

ஒவ்வொருவரும் சின்னதாக ஒரு கணிப்பைக் கணினியில் ஓட்டி, வந்த படத்தைக் கொண்டுவர வேண்டும். அவளுடைய படம் அழகாக இருந்தது. பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

கணினிக்குள் முடிவில்லாமல் தண்ணீர் ஊற்ற முடியாது. ஒரு பெட்டி தண்ணீரை வைத்து, அதே பெட்டியை எல்லாப் பக்கமும் நகல் நகலாக அடுக்குவோம். பெட்டி சிறிதானால், சலூனில் எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தவனைப் போல, துணுக்கு தன் நகலையே பார்க்கும். அதையே இழுக்கவும் தொடங்கும். அப்புறம் வருகிற விடையை நம்ப முடியாது. இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது இதில் விழுந்து எழும்புவோம்.

பெட்டி எவ்வளவு பெரியது என்று கேட்டேன்.

அவள் முகம் செத்துப்போனது. கெட்டிக்காரி, பாதிக் கேள்வியிலேயே விளங்கிவிட்டது. கடைக் கணினியில்தான் ஓட்டினேன், பெரிய பெட்டியை ஓட்ட அதற்கு நாள் போதாது என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். ஒருவர் பேனாவை மூடி வைத்தார். இடம் வேறொருவனுக்குப் போனது. அவன் படித்த இடத்தில் பெரிய இயந்திரம் இருந்தது. அதனால் அவன் பெட்டியும் பெரியது.

நான் கேட்டது சரியான கேள்விதான். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் அதையே சொல்வேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து மிட்சத்தில் ட்ராமால் இறங்கி, முருங்கைக்காய் வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் அவள். திரும்பி ஓடவும் வழியில்லை.

"பெரிய பெட்டியில திருப்பி ஓட்டினனான் அக்கா. கிழமைக் கணக்கில இழுத்தது."

"என்ன வந்தது?"

"அதே விடைதான்."

உடனே எழுதித் தா, பேராசிரியரிடம் காட்டுகிறேன், அடுத்த வருடமும் இடம் வரும் என்று என்னென்னவோ உளறினேன்.

"நான் வாற கிழமை ஊருக்குப் போறன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முருங்கைக்காயை இரண்டாக முறித்துப் பையில் வைத்தாள்.

"வேறை ஏதும் வேணுமோ அக்கா?"